முக்கோண டாலரும் சிவப்பு மேக மோதிரமும் தினமும் போடலாமா?

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறார். வயது 31. ஹாரி பாட்டர் கதையில் வரும் முக்கோணம், வட்டம், கோடு மூன்றும் சேர்ந்த டாலர் ஒன்று வைத்திருக்கிறார். நருட்டோ என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடரில் அகாட்சுகி என்ற வில்லன் கூட்டத்தார் போடும் மோதிரம் ஒன்று, கறுப்பில் சிவப்பு மேகம் போட்ட டி-ஷர்ட்டுகள் நாலைந்து, பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழு மேல் பைத்தியமான மாணவி ஒருத்தி கோத்துக் கொடுத்த ஊதா மணிக் கைவளை ஒன்று. இவற்றைக் கல்லூரிக்கும் பஸ்ஸிலும் கடைவீதியிலும் தினமும் போட்டுக்கொண்டு போகலாமா? "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் படம் மாட்டிக்கிட்டுத் திரியிறே" என்று அம்மா சொல்வது சரிதானா? டாலர் போட்டால் கழுத்து அரிக்கிறதே, அது ஏன்? இவ்வளவுதான் கேள்வி.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். அப்பாவுடையது கொலுசுப் பட்டறை. பதினொரு வருடமாக அதே பட்டறையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ரசிகர்களுக்கு வெள்ளியில் டாலர், கம்மல், மோதிரம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என் பதிலில் ஆடையைவிட நகைதான் அதிகம் இருக்கும்.

போடலாம். வயது ஒரு விஷயமே இல்லை. ஆனால் ஊர் பாளையங்கோட்டை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் அந்த மணிக் கைவளையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அம்மா விஷயம். உங்களுக்கு 31 என்றால் அம்மாவுக்கு 55க்கு முன்னே பின்னே இருக்கும். 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்தபோது அவர் தாவணிப் பருவத்தில் இருந்திருப்பார். அந்தப் படம் வந்த பிறகு ஊர் ஊராக நதியா கம்மல், நதியா வளையல், நதியா செருப்பு என்று விற்றது. எங்கள் அத்தை ஒருவர் நதியா வளையலுக்காகச் சாப்பிடாமல் அடம்பிடித்த கதையை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். உங்கள் அம்மாவிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். அதற்கு முன்னால் ஆண்கள் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டு திரிந்தார்கள். சமீபத்தில், 2022இல் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தபோது, குந்தவை போட்ட நெற்றிச்சுட்டி மாதிரி, நந்தினி போட்ட ஆரம் மாதிரி என்று கைப்பேசியில் படத்தைக் காட்டிக் கேட்டு எங்கள் தெருவுக்கே ஆட்கள் வந்தார்கள். கல்யாணத்தில் அதைப் போட்டால் யாரும் பொம்மைப் படம் என்று சொல்வதில்லை. அது "ஆன்டிக்" ஆகிவிடுகிறது.

கரை வேட்டியையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். வேட்டிக் கரையின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கட்சி என்று சொல்லிவிடுகிறோம். வெள்ளைச் சட்டைப் பைக்குள்ளிருந்து தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே மெல்லிய துணியில் சட்டை தைக்கிறவர்கள் உண்டு. தலைவர் முகம் பதித்த மோதிரத்துக்கு எங்கள் பட்டறையில் தனி அச்சே இருக்கிறது. அறுபது வயதுக்காரர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். தனக்குப் பிடித்தவரின் அடையாளத்தை உடம்பில் போட்டுக்கொண்டு வீதியில் நடப்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியூரிலும் இது பழசு. ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774இல் வெர்தர் என்ற இளைஞனின் காதல் கதையை எழுதினார். அந்த வெர்தர் போட்ட நீலக் கோட்டையும் மஞ்சள் உள்சட்டையையும் போலவே தைத்துப் போட்டுக்கொண்டு வாலிபர்கள் அலைந்தார்கள். கதையில் அவன் தற்கொலை செய்துகொள்வதால் பயந்துபோய், லைப்சிக் நகரில் 1775இல் புத்தகத்தோடு சேர்த்து அந்த உடையையும் தடை செய்தார்கள். இன்று உங்கள் கல்லூரி முதல்வர் முறைப்பதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சரி, வயதை விட்டுவிடுவோம். என் அனுபவத்தில் இந்த மாதிரிப் பொருளில் தொல்லை வருகிற இடம் வேறு. நீங்கள் ஒரு அடையாளத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறீர்கள். அதை அறிந்தவர் ஒருவர் பார்ப்பார், அறியாதவர் நூறு பேர் பார்ப்பார்கள். அறிந்தவர் சிரித்துவிட்டுப் போவார், சில சமயம் நண்பராகவும் ஆவார். அறியாத நூறு பேரும் அது என்னவென்று தெரியவில்லை என்று விட்டுவிட்டால் பரவாயில்லை. தங்களுக்குத் தெரிந்த வேறு எதையோ அதில் படிப்பார்கள்.

உங்கள் முக்கோண டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வந்த கடைசிப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது, உங்களுக்கு நினைவிருக்கும். பில், ஃப்ளோர் கல்யாணத்துக்கு லூனாவின் அப்பா இதே சின்னத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார். அவருக்கு அது மூன்று மாயப் பொருட்களைத் தேடுகிறவர்களின் சின்னம். அங்கே விருந்துக்கு வந்த விக்டர் க்ரம் அதைப் பார்த்துக் கொதித்துப்போகிறான். அவன் தாத்தாவைக் கொன்ற கிரிண்டல்வால்ட் என்ற கொடிய மந்திரவாதியின் சின்னமாகத்தான் அவனுக்கு அதைத் தெரியும். கல்யாண வீடு என்பதால் அடிதடி ஆகாமல் தப்பித்தது. போட்டவர் ஒன்றை நினைக்க, பார்த்தவர் வேறொன்றைப் படித்த கதையை அந்த டாலரே தன்னோடு வைத்திருக்கிறது.

நம் ஊரில் கிரிண்டல்வால்ட் பயம் கிடையாது, இலுமினாட்டி பயம் உண்டு. முக்கோணமும் நடுவில் வட்டமும் கண்டால் கண் மாதிரி தெரிகிறது, உடனே "உலகத்தை ஆட்டிப்படைக்கிற ரகசியக் கூட்டம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இன்னொன்று எனக்கே நடந்தது. ஒரு பையன் இதே டாலரைச் சிவப்பு எனாமல் வைத்துக் கேட்டான். கோர்க்கும்போது வளையத்தைத் தவறான பக்கம் பற்றவைத்துவிட்டேன், முக்கோணம் தலைகீழாகத் தொங்கியது. அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "எதுக்குடா குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னத்தை வெள்ளியில பண்றே?" என்றார். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தைச் சுவரெல்லாம் பார்த்து வளர்ந்த தலைமுறை. அதற்குப் பிறகு அந்த டாலருக்கு நான் சிவப்பு எனாமல் போடுவதே இல்லை. ஆக்ஸிடைஸ் செய்து கறுப்பேற்றிய வெள்ளியாகவே விடுங்கள், அழகாகவும் இருக்கிறது.

நிறம் நம் ஊரில் சாதாரண விஷயமே இல்லை. அகாட்சுகி டி-ஷர்ட்டில் கறுப்பும் சிவப்பும் இருப்பதைப் பார்த்து, "தம்பி திராவிடர் கழகமா?" என்று என் வாடிக்கையாளர் ஒருவரை ஈரோடு பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் அன்போடு கேட்டிருக்கிறார். கார்த்திகை மாதத்தில் கறுப்பு போட்டால் "சாமி, எந்தக் குருசாமி?" என்று கேட்பார்கள். ஹாரி பாட்டர் கிரிஃபிண்டார் மஃப்ளரில் அடர்சிவப்பும் பொன்மஞ்சளும். பெங்களூருவில் அது கன்னடக் கொடியின் நிறம், நவம்பரில் போட்டால் கர்நாடக மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்கு வந்தவர் என்றே நினைப்பார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதே சிவப்பு மஞ்சள் ஒரு புதுக் கட்சிக் கொடியின் நிறமும் ஆகிவிட்டது. இதிலெல்லாம் ஆபத்து இல்லை, பதில் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தால் போதும். "இது ஒரு ஜப்பான் கார்ட்டூன் சார், அதுல வர்ற வில்லன் கூட்டம்" என்றால் முடிந்தது. நீட்டி முழக்கி ஒன்பது வால் நரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

இப்போது அந்த மணிக் கைவளை. தோழிகளுக்குள் மணி கோத்துக் கொடுக்கும் இந்தப் பழக்கம் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் 2023, 2024 சுற்றுப்பயணத்தில் உலகம் முழுக்கப் பரவியது. பி.டி.எஸ். ரசிகர்களுக்கு ஊதா நிறம் 2016இலிருந்து அன்பின் குறி, அந்தக் குழுவில் 'வி' என்ற பெயருள்ள பாடகர் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. உங்கள் மாணவி அந்த அன்பில்தான் கொடுத்திருப்பாள். ஆனால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் மணிக்கட்டில் நிறக் கயிறு என்றால் முதலில் என்ன நினைப்பார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று பிள்ளைகள் கட்டிக்கொண்டு வருவதும், அதைப் பார்த்துப் பெஞ்சில் இடம் பிரிவதும் அங்கே நிஜம். 2019இல் பள்ளிக்கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. அந்தக் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் நிறக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற அடையாளங்களோடு வரக் கூடாது என்று பரிந்துரைத்தது.

நீங்கள் பள்ளி மாணவி இல்லை, ஆசிரியர், அதுவும் கல்லூரியில். ஊதா நிறத்தை யாரும் எந்தச் சாதியோடும் சேர்க்காமலே போகலாம். ஆனாலும் உங்கள் வகுப்பில் ஒரு பையன் கையில் நிறக் கயிற்றைப் பார்த்து "கழற்று" என்று சொல்ல வேண்டிய நாள் வரலாம். அன்றைக்கு உங்கள் கையிலும் நிறமாக ஒன்று இருந்தால் அவன் அதைத்தான் பார்ப்பான். "மிஸ், இது வேற, அது வேறயா?" என்பான். வேறுதான், ஆனால் அதை விளக்க அந்த இடம் சரிப்படாது. அதனால் உங்கள் ஊரில், உங்கள் வேலையில், கைவளையை மட்டும் கல்லூரி வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மாணவி மனசு நோகக் கூடாது என்றால் பையின் ஜிப்பில் தொங்கவிடுங்கள். சென்னையிலோ கோவையிலோ இருந்திருந்தால் இதை நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னும் சில விஷயம். டோக்கியோ ரிவெஞ்சர்ஸ் என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடரில் வரும் பையன்கள் கூட்டத்தின் சட்டையில் இருப்பது மன்ஜி, அதாவது புத்தர் கோயில் சின்னம். நமக்குப் பார்த்ததும் ஸ்வஸ்திகா, கோலத்தில் போடுவது. ஆனால் 2021இல் தொடர் வெளிநாடுகளுக்குப் போனபோது அந்தச் சின்னத்தை மறைத்துத்தான் ஒளிபரப்பினார்கள். அந்தச் சட்டையோடு ஜெர்மனியில் ரயில் ஏறினால் போலீஸ் நிறுத்தலாம், நாஜி அடையாளத்தைப் பொது இடத்தில் காட்டுவது அங்கே குற்றம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் சிரிக்கும் மீசை முகமூடிப் படம் போட்ட சட்டையைப் பெட்டியில் வைக்காதீர்கள். 'வி ஃபார் வெண்டெட்டா' படத்தில் வந்த அந்த முகமூடி போராட்டக்காரர்களின் முகமாகிவிட்டதால் பஹ்ரைன் 2013இல் அதை இறக்குமதி செய்யவே தடை போட்டது.

ஒன் பீஸ் என்ற ஜப்பான் கார்ட்டூனின் ரசிகர்களுக்கு இது இப்போது நன்றாகப் புரியும். வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடி பல வருடமாக வெறும் கார்ட்டூன் கொடிதான். 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் சுதந்திர தினத்துக்கு முன்னால் லாரிகளிலும் வீடுகளிலும் அதை ஏற்றினார்கள், அரசாங்கம் எரிச்சலானது. செப்டம்பரில் நேபாளத்து இளைஞர்கள் காட்மாண்டு வீதியில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஆட்சியே கவிழ்ந்தது. என்னிடம் அதே மண்டையோட்டில் மூக்குத்தி செய்துகொண்ட ஒரு பெண் அதற்குப் பிறகு, "அண்ணா, நான் இப்ப புரட்சிக்காரியா?" என்று கேட்டாள். சின்னம் மாறவில்லை, அதை எடுத்துக்கொண்டவர்கள் மாறிவிட்டார்கள்.

இலங்கையில் 2019 மே மாதம் நடந்தது இன்னும் வலிக்கும். கண்டி மாவட்டத்து ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் போட்டிருந்த உடுப்பில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்த பதற்றமான நேரம். அது தர்ம சக்கரம், புத்த மதத்தை அவமதித்துவிட்டார் என்று அவரைக் கைது செய்தார்கள். வெறும் சுக்கான். அவர் எந்தக் கதைக்கும் ரசிகைகூட இல்லை. சில நேரம், சில இடத்தில், போடுகிறவர் யார் என்பதை வைத்துத்தான் சின்னத்தைப் படிக்கிறார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை. 1996இல் அமெரிக்காவின் அர்கன்ஸா மாநிலத்தில் அப்போதைய அதிபரின் கூட்டாளிகள் மேல் நடந்த ஒயிட்வாட்டர் வழக்கில், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் மாற்று ஜூரராக வந்த ஒரு பெண் தினமும் ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரின் தளபதி சீருடையில் நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். நெஞ்சில் தொடர்பு பேட்ஜ் உட்பட எல்லாம். கடைசியில் அவரை நீக்கினார்கள், ஆனால் பத்திரிகைக்காரர்களிடம் பேசியதற்காக. சீருடைக்காக நீக்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் நம் ஊர் வகுப்பறைக்கு அந்த அளவு தைரியம் தேவைப்படாது. பக்கத்து வழி ஒன்று இருக்கிறது.

அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பாத்திர வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று விதி. அதனால் ரசிகைகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். வேஷம் போடாமல், அந்தப் பாத்திரத்தின் நிறங்களைச் சாதாரண உடையில் கொண்டுவருவது. மஞ்சள் பாவாடை, நீல மேல்சட்டை, சிவப்பு ரிப்பன், அவ்வளவுதான், பார்க்கத் தெரிந்தவருக்கு ஸ்னோ ஒயிட். டிஸ்னிபவுண்டிங் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். இது சேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். கறுப்புக் கைத்தறிப் புடவை, ரவிக்கைக் கையின் ஓரத்தில் ஆரி வேலையில் ஒரே ஒரு சிவப்பு மேகம், வெள்ளை நூலில் விளிம்பு. ஆரி போடும் அக்காவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினால் அவர் அதை மேகம் என்றே எடுத்துக்கொள்வார். முதல்வருக்கு அது டிசைன். கடைசிப் பெஞ்சுக்கு மட்டும் விஷயம் தெரியும். என்னைக் கேட்டால் நாலு டி-ஷர்ட்டைவிட இந்த ஒரு ரவிக்கைதான் உங்களுக்கு மதிப்பு.

டி-ஷர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. திருப்பூர் நண்பர் சொல்லித்தந்தது மட்டும்: 180 ஜி.எஸ்.எம்.முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராமுக்குக் கீழே மெல்லிசாக இருந்தால் நாலு துவைப்பில் கழுத்து தொங்கிவிடும். உள்புறம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும். அச்சின் மேல் நேராக இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாது. சனிக்கிழமை பழமுதிர்சோலைக்குப் போக டி-ஷர்ட் ரொம்பச் சரி. விமான நிலையத்துக்குத் துப்பாக்கிப் படம் போட்டது மட்டும் வேண்டாம். 2008இல் லண்டன் ஹீத்ரோவில், கையில் துப்பாக்கி வைத்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ படம் போட்ட சட்டைக்காக ஒரு பயணியை நிறுத்தி வேறு சட்டை மாற்றச் சொன்னார்கள். பொம்மை ரோபோவின் பொம்மைத் துப்பாக்கி, அதுவும் அச்சில்!

இனி என் வட்டாரம், உலோகம். கழுத்து அரிப்புக்குக் காரணம் அநேகமாக நிக்கல். இணையத்தில் முந்நூறு ரூபாய்க்கு வரும் ஹாரி பாட்டர் டாலர் பெரும்பாலும் துத்தநாகக் கலவை அல்லது பித்தளையில் வார்த்து, மேலே வெள்ளி நிறத்தில் முலாம் பூசியது. பளபளப்புக்காக முலாமுக்கு அடியில் நிக்கல் ஒரு படலம் இருக்கும். "ஜெர்மன் சில்வர்" என்று விற்பது இன்னும் மோசம். பேரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. வியர்வை பட்டால் நிக்கல் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டால் ஆயுசுக்கும் மாறாது. ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே எப்போதாவது அரித்திருக்கிறதா என்று யோசியுங்கள். ஆமாம் என்றால் சந்தேகமே வேண்டாம். ஐரோப்பாவில் தோலில் படும் நகை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியவிடக் கூடாது. குத்திய காதில் போடும் தண்டுக்கு 0.2தான். நம் ஊர் பிளாட்பாரக் கம்மலுக்கு அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

சோதிக்க ஒரு வழி உண்டு. டைமெத்தில்கிளையாக்ஸைம் கரைசல், உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கட்டாயம் இருக்கும். அதோடு கொஞ்சம் அம்மோனியா சேர்த்துப் பஞ்சில் நனைத்து டாலரின் பின்பக்கம் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். வணிகவியல் மிஸ் டாலரோடு வந்து நின்றால் வேதியியல்காரர்கள் சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்கள்.

பஞ்சு சிவந்துவிட்டால் அந்த டாலரைப் பைக்கு மாற்றிவிட்டு வெள்ளியில் செய்துகொள்ளுங்கள். 925 வெள்ளி என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு, நிக்கல் பயமில்லை. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கறுக்கும், அது குறை இல்லை, காற்றிலுள்ள கந்தகம் செய்கிற வேலை. இந்த டாலருக்குக் கோடுகளின் இடுக்கில் கறுப்பு தங்கினால்தான் வடிவமே தெரியும். ஆக்ஸிடைஸ் வேலை என்று நாங்கள் காசு வாங்கிச் செய்வதும் அதைத்தான். எலுமிச்சம்பழமும் பேக்கிங் சோடாவும் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு அடுத்த வாரம் என்னிடம் வந்து அழாதீர்கள். துரு ஏறா எஃகில் செய்த நகை வாங்கினால் 316 எல் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் பூட்டி வைத்த மாதிரி வெளியே வராது, அநேகம் பேருக்கு ஒத்துக்கொள்கிறது.

மோதிரத்தில் ஒரு எச்சரிக்கை. டங்ஸ்டன் கார்பைடு மோதிரங்கள் கீறல் விழாது என்று சொல்லி ரசிகர் கடைகளில் நிறைய விற்கிறார்கள். விரல் வீங்கி மோதிரம் மாட்டிக்கொண்டால் வெள்ளியையும் தங்கத்தையும் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடுவார்கள், இதைச் சாதாரண வெட்டுக் கருவி தொடாது. இறுக்கிப் பிடித்து நொறுக்கத்தான் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அகாட்சுகி மோதிரம் பத்து, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விரலுக்கு. உங்களிடம் இருப்பது இட்டாச்சியுடையதாக இருந்தால் சிவப்பு, வலது கை மோதிர விரலில் போட வேண்டும். அந்தக் கூட்டத்தின் பெயின் என்பவனுடையது என்றால் வலது கட்டை விரல், கரும்பலகையில் எழுத அது சரிவராது. மேலே இருக்கும் ஜப்பானிய எழுத்து பார்ப்பவருக்கு எதுவோ ராசிக்கல் வேலை மாதிரித்தான் தெரியும். "யார் ஜோசியம் பார்த்தது?" என்று கேட்டாலும் கேட்பார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த நகை 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மோதிரம்தான். படத்துக்கு அதைச் செய்தது நியூசிலாந்தின் நெல்சன் ஊரிலிருக்கும் ஜென்ஸ் ஹான்சன் பட்டறை. சுமார் நாற்பது மாதிரி செய்து பார்த்தார்களாம், எங்கள் தொழிலில் அது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். இங்கே விற்பதெல்லாம் எழுத்து வெட்டியது. ஆனால் கதைப்படி அந்த எழுத்து நெருப்பில் போட்டால்தான் தெரியும், மற்ற நேரத்தில் அது வெறும் மொழுக்கைத் தங்க மோதிரம். ஒரு திருச்சிக்காரர் எழுத்தே இல்லாமல், உள்பக்கமும் ஒன்றுமில்லாமல், அரை உருண்டை வடிவில் ஒரு பவுனில் செய்யச் சொன்னார். வீட்டில் எல்லோரும் சேமிப்பு என்று சந்தோஷப்பட்டார்கள். அவருக்கு மட்டும் அது என்ன மோதிரம் என்று தெரியும். எனக்கும்.

இன்னொன்று, யாராவது ஒரு பையன் வந்து "அகாட்சுகி போட்டிருக்கீங்களே, பத்துப் பேர் பேர் சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைப்பான். பெண்கள் போட்டால் இந்தப் பரீட்சை கட்டாயம் உண்டு, எங்கள் கடை வாசலிலேயே நடந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வாத்தியார் நீங்கள், வேண்டுமானால் நீங்கள் கேள்வி கேளுங்கள்.

நகையே கூடாத இடங்களும் உண்டு. நீட் போன்ற தேர்வுகள் நடக்கும் மையத்தில் கம்மல், மோதிரம், டாலர் எதற்கும் அனுமதி இல்லை, மேற்பார்வைக்குப் போனாலும் நீங்களே கழற்றிவிட்டுப் போவது பிள்ளைகளுக்கு ஆறுதல். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் எல்லாம் வெளியே.

ஆக, டாலரை வெள்ளியில் மாற்றுங்கள், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வேண்டாம். செயின் பதினெட்டு அங்குலம் வைத்தால் புடவைக்கும் சுடிதாருக்கும் சரியாக விழும். பாளையங்கோட்டையிலேயே வெள்ளி வார்ப்பு செய்யும் ஆசாரிகள் இருப்பார்கள், சேலம் வரை வர வேண்டியதில்லை. வடிவத்தைத் தாளில் நிஜ அளவில் வரைந்து கொண்டுபோங்கள், கைப்பேசிப் படத்தைக் காட்டினால் அவர் இஷ்டத்துக்குப் பெரிதாக்கிவிடுவார். செய்கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வளையத்தை எந்த முனையில் பற்றவைக்க வேண்டும் என்று தாளில் அம்புக்குறி போட்டுக் காட்ட மறக்காதீர்கள்.